நிறுவையும் நீதியும்

கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்த சில நாட்களுள் பொகவந்தலாவைக் கடைத்தெருவிற் பதாகைகள் தோன்றுகின்றன. ஒன்பது பாடங்களிலும் ‘ஏ’ சித்தி பெற்ற மாணவ மாணவியரின் முகங்கள் அவற்றில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். சாமான் வாங்க நகருக்கு வரும் தாய்மார் சற்று நின்று, இது இன்ன தோட்டத்து இன்னாரின் பிள்ளை என்று தமக்குள் கூறிப் பெருமிதங் கொள்வர். அதே நாட்களில் வேறோர் இடத்தில் வேறொரு நிகழ்ச்சி நடைபெறும். அதிபர்கள் கல்விப் பணிமனைக்கு அழைக்கப்படுவர். ஒவ்வொரு பாடசாலையினதும் சித்தி வீதம் சென்ற ஆண்டின் வீதத்துடன் ஒப்பிட்டு வாசிக்கப்படும். கூடியிருப்பின் அது முன்னேற்றம், குறைந்திருப்பின் பின்னடைவு. முன்னேற்றங் கண்டவர் பாராட்டுப் பெறுவர். பின்னடைவுற்றவர் எழுந்து நின்று விளக்கங் கூறுவர்.

பதாகை நகருக்குச் சொல்வதையும் வீதம் பணிமனைக்குச் சொல்வதையும் ஒரே தீர்ப்பின் இரு வடிவங்கள் எனலாம். அத்தீர்ப்பினாற் புகழும் பழியும் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. ஆசிரியர் ஒருவரின் நற்பெயரும், பெற்றோர் தம் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற முடிவும், ஈற்றில் ஒரு சிறுவன் தன்னைப் பற்றித் தானே கொள்ளும் எண்ணமும் அதனைச் சார்ந்து நிற்கின்றன. ஆகவே இது புள்ளிவிபரவியலார்க்கு மட்டுமுரிய விடயமன்று. அறவியல் சார்ந்ததொரு வினாவுமாகும். ஒரு பாடசாலையை அதன் ஆண்டுப் பெறுபேற்றைக் கொண்டு தீர்ப்பிடுதல் நீதியாகுமா? ஆகாதெனின், அளவீடே வேண்டாமென்று கூறுதல் நீதியாகுமா? இவ்விரு வினாக்களையும் நான் பிறந்து வளர்ந்த பொகவந்தலாவையை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இரண்டாவது வினாவை எடுத்துக்கொள்வோம். அளவிடுதல் தன்னளவில் அநீதியானதென்று கூறுவதற்கில்லை. மலையகக் கல்வியின் வரலாற்றை நோக்குமிடத்து, நம்மவரின் நெடுங்காலக் குறை எவராலும் கணக்கில் எடுக்கப்படாதிருந்தமையே என்பது புலனாகும். 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தன. உழைப்பைக் கொள்வதில் நாட்டமுடைய நிர்வாகம் எழுத்தறிவை வளர்ப்பதில் எத்துணை ஆர்வங் காட்டியிருக்கும் என்பதை ஊகித்தறிதல் எளிது. ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்புடன் முடிவு என்பதே பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளின் நிலையாயிருந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வி அவற்றைப் பெருமளவிற் சென்றடையவில்லை. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் இம்மக்களிற் பெரும்பாலாரைக் குடியுரிமையும் வாக்குரிமையும் அற்றோராக்கியமையால், அவர்தம் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பாராளுமன்றத்தில் வற்புறுத்துவோரும் அருகினர். 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. 1975இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட பின்னர், 1977 தொடக்கமே அவை படிப்படியாகத் தேசிய கல்வி முறையினுள் உள்வாங்கப்பட்டன. 1980களிற் சுவீடன் நாட்டின் உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிட்டின. 1990களிற் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. எஞ்சியிருந்த நாடற்றோரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே முடிவுகாண முனைந்தது.

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு நோக்கின், நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றின் பெயர் கொழும்பினதும் கண்டியினதும் புகழ்பெற்ற கல்லூரிகளின் பெயர்களோடு ஒரே அட்டவணையில் இடம்பெறுதல் சிறிய காரியமன்று என்பது தெளிவாகும். அட்டவணை நம்மையும் நாட்டு மக்களாக எண்ணுகிறது. தம் பிள்ளை பயிலும் பாடசாலையில் என்ன நடைபெறுகின்றது என்பதை அறியும் உரிமை லயத்தில் வாழும் பெற்றோர்க்கும் உண்டு. ஆதலின் அளவீட்டை ஒழித்துவிடுக என்னும் வாதம், கேட்பதற்கு இரக்கமுடையதாய்த் தோன்றினும், நம்மைப் பழைய இருளுக்கே இட்டுச் செல்லும்.

இனி, அளவீடு எதனை அளக்கின்றது என்பதை நோக்குவோம். சித்தி வீதம் என்பது தோற்றியோர் தொகையிற் சித்தியடைந்தோர் எத்தனை பங்கு என்பதைக் கூறுவது. எடுத்துக்காட்டுக்காக இரு பாடசாலைகளைக் கற்பனை செய்வோம். இரண்டிலும் ஆறாந்தரத்தில் நூறு பிள்ளைகள் சேர்ந்தனர். முதலாவதிற் பதினோராந்தரம் வரை நிலைத்துப் பரீட்சைக்குத் தோற்றியோர் 40 பேர். சித்தியடைந்தோர் 30 பேர். இரண்டாவதில் 70 பேர் தோற்றி 42 பேர் சித்தியடைந்தனர். முதலாவதன் வீதம் 75. இரண்டாவதன் வீதம் 60. கூட்டத்தில் முதலாவது பாராட்டப்படும். இரண்டாவது விளக்கங் கூறும். ஆனால் நூறு பிள்ளைகளுள் அதிகமானோரைக் கரைசேர்த்தது இரண்டாவதே. முதலாவது பாடசாலையில் இடைவிலகிய 60 பேரைப் பற்றி வீதம் எதுவும் பேசாது. இதனினும் கொடியது ஒன்றுண்டு. முதலாவது பாடசாலை அடுத்த ஆண்டு நலிந்த மாணவர் பத்துப் பேரைப் பரீட்சையிலிருந்து தவிர்த்துவிடுமாயின், ஒரு பிள்ளைக்கேனும் மேலதிகமாக ஓரெழுத்துக் கற்பிக்காமலே அதன் வீதம் நூறாக உயர்ந்துவிடும்.

இது வெறுங் கற்பனையாக எனக்குத் தோன்றவில்லை. 2018ஆம் ஆண்டு திசெம்பரில் நான் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினேன். எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில் வாழ்ந்த நண்பன் ஒருவன் முதலாந்தரம் தொடக்கம் என்னுடன் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவன். தகப்பனை இழந்தவன். தாய் மலைக்குச் சென்ற பின் தங்கையை ஆயத்தப்படுத்திக் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு வருவதால் அவனுக்கு முதற்பாடம் பெரும்பாலும் தவறிவிடும். சனி, ஞாயிறுகளில் மரக்கறித் தோட்டங்களிற் கூலிக்குச் செல்வான். காமன் கூத்துப் பாடல்களை விடியும்வரை ஏடு பாராமற் பாட வல்ல அவனுக்குக் கணிதம் வரவில்லை. எங்கள் வகுப்புக்கு ஏறக்குறைய இரண்டாண்டுகள் நிரந்தரக் கணித ஆசிரியர் இருக்கவில்லை என்பதையும் இங்குக் கூறவேண்டும். நான் மாலை வகுப்புக்குச் சென்று அக்குறையை ஈடுசெய்தேன், அவனால் இயலவில்லை. பரீட்சை விண்ணப்பங்கள் நிரப்பப்பட்ட வேளையில் அவனும் இன்னும் ஐந்து பேரும் தனியே அழைக்கப்பட்டனர். இம்முறை எழுதவேண்டாம், அடுத்த ஆண்டு தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம் என்று அவர்களுக்கு மெல்லிய குரலில் அறிவுரை கூறப்பட்டது. எவரும் ஏசவில்லை, எவரும் அடிக்கவில்லை. அவர்கள் அமைதியாகக் கேட்டுக்கொண்டு வெளியேறினர். அவ்வாண்டு எங்கள் பாடசாலையின் வீதம் உயர்ந்தது. பதாகையில் என் முகமும் இருந்தது.

அவ்வறிவுரையைக் கூறியவர்களைக் கொடியவராக நான் கருதவில்லை. முந்தைய ஆண்டு வீதம் குறைந்தமைக்காகப் பலர் முன்னிலையில் தலைகுனிந்து நின்றவர்கள் அவர்கள். வீதம் மேலும் குறைந்தால் இயன்ற பெற்றோர் தம் பிள்ளைகளை ஹற்றனுக்கு அனுப்பிவிடுவர் என அஞ்சியவர்கள். நானும் நடந்ததை அறிந்திருந்தேன், வாய் திறக்கவில்லை. திறக்காமைக்குக் காரணம் அச்சம் மட்டுமன்று. நலிந்தோர் அகன்ற வகுப்பில் ஆசிரியரின் நேரம் எனக்கு அதிகமாகக் கிடைத்தது. நண்பன் பின்னர் எழுதவேயில்லை. கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். சில ஆண்டுகளின் பின் தீபாவளிக்கு ஊர் சென்றபோது அவனைக் கண்டேன். “அந்த வருசம் நம்ம பள்ளிக்கூடம் எத்தன வீதம்டா?” என்று கேட்டான். சொன்னேன். “நான் எழுதாததுனாலதான் அவ்வளவு வந்துச்சு. அதுல எனக்கும் பங்கு இருக்கு” என்று சிரித்தான். அவன் என்னைக் குற்றஞ் சாட்டவில்லை. ஆயினும் அன்று தொடக்கம் இவ்வினா என்னை விட்டகலவில்லை.

மனிதனை ஒருபோதும் வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது, எப்பொழுதும் தன்னளவில் நோக்கமாகவும் கொள்ளவேண்டும் என்பது ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ற்றின் அறக்கோட்பாடு. பாடசாலை பிள்ளைக்காகவே உள்ளது. வீதமோ பாடசாலை தன் கடமையைச் செய்கின்றதா என்பதை அறிதற்குரிய கருவி. நான் கண்ட நிகழ்ச்சியில் இவ்வொழுங்கு தலைகீழானது. வீதம் நோக்கமாயிற்று, பிள்ளை அதன் கருவியானான். பயன்படாத கருவி அகற்றப்பட்டது. அங்கு நிகழ்ந்த தவறு யாதென வினவின், அது இதுவேயாகும்.

இத்தவறு மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு றொபேட் லோவின் முயற்சியால் ‘பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு’ எனும் முறை நடைமுறைக்கு வந்தது. வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றிற் பிள்ளைகள் பரிசோதகர் முன்னிலையிற் சித்தியடையும் அளவுக்கே பாடசாலைகளுக்குப் பணம் வழங்கப்பட்டது. கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமாகிய மத்தியூ ஆர்னோல்ட் அம்முறை கல்வியை இயந்திரமாக்கிவிட்டதென இடையறாது கண்டித்தார். அதே முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையின் நன்கொடை பெறும் பாடசாலைகளிலும் பின்பற்றப்பட்டது. நம் காலத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2002இற் சட்டமான கல்வித் திட்டமொன்று ஒவ்வொரு பாடசாலையும் ஆண்டுதோறும் போதிய முன்னேற்றம் காட்டவேண்டும் என விதித்தது. காட்டத் தவறியவை தண்டனைப் படிகளை எதிர்நோக்கின. அதன் நோக்கம் உயர்ந்தது. வறிய பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் பாடசாலைகள் மறைத்துவிடலாகாது என்பதற்காக அவர்களின் பெறுபேறுகளைத் தனித்தனியே வெளியிடுமாறு பணித்தது. எனினும் அற்லாண்டா நகரில் நடந்தது யாது? 2011இல் வெளியான விசாரணை அறிக்கை, 44 பாடசாலைகளைச் சேர்ந்த 178 கல்வியாளர்கள் விடைத்தாள் மோசடியிற் சம்பந்தப்பட்டிருந்தனர் எனக் கூறியது. பிள்ளைகளின் பிழையான விடைகளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தியிருந்தனர். 2015இற் பதினொருவர் நீதிமன்றத்திற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். ஓர் எண்ணைக் கொண்டு எவ்வளவுக்குத் தீர்ப்பிடுகின்றோமோ, அவ்வளவுக்கு அவ்வெண் கெடும். அது காக்க வந்த பணியையும் கெடுக்கும் என்று சமூக உளவியலாளர் டொனல்ட் கம்பெல் 1970களிலேயே எச்சரித்திருந்தார். இலண்டனில், அற்லாண்டாவில், பொகவந்தலாவையில் மனித மனம் ஒன்றே.

இனி ஒப்பீடு பற்றி நோக்குவோம். இதனை விளக்க மேனாட்டு அறிஞரை நாடவேண்டியதில்லை. கெஹெல்கமு ஓயா பாயும் எங்கள் பள்ளத்தாக்கின் தேயிலை மலைகளே போதும். தேயிலைச் செடியை மேட்டுநிலங்களிற் பொதுவாக நான்கு, ஐந்து ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டுவர். வெட்டிய மலையிற் சில மாதங்களுக்குக் கொழுந்து இராது. தடியும் தண்டுமாய் நிற்கும். அம்மலையின் அவ்வாண்டு விளைச்சல் வீழ்ந்துவிட்டதென்று எந்தத் துரையும் கணக்கப்பிள்ளையைக் கடிந்துகொள்வதில்லை. ஒவ்வொரு மலையும் கவ்வாத்து வெட்டி எத்தனையாம் ஆண்டில் நிற்கின்றது என்பது தோட்டத்துக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். பழைய விதைத் தேயிலை மலையையும் புதிய வீ.பி. மலையையும் ஒரே அளவுகோலால் அளப்பதுமில்லை. செடியின் வயதும் மண்ணும் மழையும் அறிந்தே விளைச்சலை மதிப்பிடுவர். செடிக்குக் காட்டப்படும் இந்த நியாயம் கொழுந்து பறிப்பவளுக்குக் கிட்டாமை வேறு கதை. நாளொன்றுக்குக் குறித்த கிலோ நிறையாவிடின் அவளுக்கு அரைப்பேர்தான். மழையா, வெயிலா, மலையிற் கொழுந்து உண்டா என்பவற்றைத் தராசு கேளாது. எங்கள் பாடசாலைகள் எவ்வாறு நிறுக்கப்படுகின்றன? தேயிலை மலையைப் போலவா, கொழுந்து பறிக்கும் பெண்ணைப் போலவா? ஆண்டுக் கூட்டத்தின் வீதத்தை நோக்கின், பின்னையதைப் போலவே என்று விடையிறுக்க வேண்டியுள்ளது. கணித ஆசிரியர் இல்லாத இரண்டாண்டுகளும், கொவிட் காலத்திற் பாடசாலைகள் மூடப்பட்டுக் கைத்தொலைபேசிச் சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் மேடேறித் திரிந்த மாதங்களும் அவ்வீதத்தின் பக்கத்தில் எழுதப்படுவதில்லை.

சமமற்ற நிலைமைகளிற் பெற்ற புள்ளிகள் சமமானவையல்ல என்பதை அரசு அறியாதென்று கூறவியலாது. பல்கலைக்கழக அனுமதியிற் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியா அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. 1970களின் தரப்படுத்தல் தமிழ் மாணவரிடையே ஏற்படுத்திய காயத்தை இவ்விதழின் வாசகர் அறிவர். எம்முறை நியாயமானது என்ற விவாதமும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆயினும் ஒன்று தெளிவு: நிலைமையை நோக்காது புள்ளியை மட்டும் நோக்குதல் போதாது என்ற தத்துவத்தை அரசு பல்கலைக்கழக வாயிலில் ஏற்றுக்கொண்டுள்ளது. அவ்வாயிலை அடைந்த சிலருக்கு வழங்கப்படும் அந்நியாயம், பதினோராந்தரத்தையே தாண்டாத பலருக்கு ஏன் மறுக்கப்படுகின்றது? என்னைப் போன்றோர் அந்நியாயத்தின் பயனைத் துய்த்தே இங்கு அமர்ந்துள்ளோம் என்பதையும் மறத்தலாகாது.

இங்கு வலுவானதொரு மறுப்பு எழக்கூடும். நிலைமைகளைக் காரணங் காட்டிக்கொண்டேயிருந்தால், தோட்டப் பிள்ளையிடம் இவ்வளவுதான் எதிர்பார்க்கலாம் என்ற எண்ணம் வேரூன்றிவிடாதா? வகுப்புக்கு ஒழுங்காக வராத ஆசிரியரும் ‘பின்தங்கிய பிரதேசம்’ என்ற சொல்லின் பின்னே மறைந்துகொள்ளமாட்டாரா? இம்மறுப்பில் உண்மையுண்டு. இரக்கம் சிலவேளை அவமதிப்பாகவும் மாறும். ‘தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது போதும்’ என்ற எண்ணமே ஐந்தாம் வகுப்புடன் கதவை மூடிய அக்கால நிர்வாகத்தின் எண்ணமுமாகும். ஆகவே எதிர்பார்ப்பைக் குறைக்குமாறு நான் கோரவில்லை. எதிர்பார்ப்பு ஒவ்வொரு பிள்ளையையும் நோக்கியதாக இருக்கவேண்டும் என்பதே என் வாதம். சராசரியை உயர்த்துவதற்குச் சிறந்த பிள்ளையும் நடுத்தரப் பிள்ளையும் போதும். நலிந்த பிள்ளை வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் சென்ற ஆண்டைவிட எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கேட்டால், நலிந்த பிள்ளையைக் கைவிட எவராலும் முடியாது. இவ்வாறு கேட்பது ஆசிரியரின் சுமையைக் குறைக்காது, பன்மடங்கு கூட்டும். உழையாத ஆசிரியருக்கு மறைவிடமும் அங்கே இராது.

ஒரு சமூக அமைப்பின் நீதியை அதிற் கடைநிலையிலுள்ளோரின் இடத்திலிருந்து நோக்கவேண்டும் என்று 1971இல் வெளியான தமது நூலில் ஜோன் றோல்ஸ் வாதித்தார். நம் மரபிலோ, ஒரு வயிற்றிற் பிறந்தோருள்ளும் கற்ற பிள்ளையின்பாலே தாயின் மனமும் சாயும் என்று புறநானூற்றில் நெடுஞ்செழியன் பாடியுள்ளான். கல்வியின் சிறப்பை உணர்த்த அவன் கூறியது உலகியல்பு. அவ்வியல்பை மறுப்பதற்கில்லை. ஆனால் தாயின் மனம் சாயும் இடத்திற் பாடசாலையும் அரசும் சாய்ந்துவிடின், கற்க வாய்ப்பற்றுப்போன மற்றப் பிள்ளை எங்கே செல்லும்?

எனவே பெறுபேற்று அட்டவணையை ஒழிக்காமல் நிறைவாக்குதலே முறை. ஆறாந்தரத்திற் சேர்ந்தோர் எத்தனை பேர், பரீட்சை வரை நிலைத்தோர் எத்தனை பேர், ஒவ்வொருவரும் தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு முன்னேறினர் என்ற மூன்றும் சித்தி வீதத்தின் பக்கத்தில் இடம்பெறல் வேண்டும். நிறுப்பவரும் நிறுக்கப்படல் வேண்டும். கணித, விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடங்கள் எத்தனை நாட்கள் நிரப்பப்படாதிருந்தன என்பதை அதே கூட்டத்திற் பணிமனையும் அமைச்சும் எழுந்து நின்று கூறவேண்டும். பிள்ளை படிப்பதற்கு ஒரு மூலையேனும் இல்லாத லயத்தறைகளுக்குப் பொறுப்பானோரும் விளக்கங் கூறவேண்டும். அவ்வேளையில்தான் அதிபர் கூறும் விளக்கம் முழுமை பெறும்.

பல்கலைக்கழக மாணவராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. ஆண்டுதோறும் மலையகப் பாடசாலைகளுக்குச் சென்று உயர்தர மாணவர்க்குக் கருத்தரங்குகள் நடத்துகின்றோம். அது நற்பணியே. ஆயினும் நாம் நாடுவது பெரும்பாலும் ஏற்கெனவே வெற்றியின் வாயிலில் நிற்போரை. பத்தாந்தரத்திற் பெருக்கல் வாய்பாடு தெரியாது பின்வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்காக நாம் எத்தனை நாட்களைச் செலவிட்டோம்? அங்கே பாடுபட்டால் பதாகை கிடைக்காது. வீதமும் உடனே உயராது. ஒருவேளை குறையவும் கூடும், ஏனெனில் முன்னர் அகற்றப்பட்டிருக்கக்கூடிய பிள்ளை அப்போது பரீட்சை மண்டபத்தில் அமர்ந்திருக்கும். அத்தகைய வீழ்ச்சியை முன்னேற்றம் என்று துணிந்து கூறும் ஒரு கூட்டம் நமக்கு வேண்டும்.

பொகவந்தலாவையின் புனித மரியாள் ஆலய வளவில், 1879இற் காலமான ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை உள்ளது. டார்வினையும் டெனிசனையும் அவர் எடுத்த படங்கள் அவர்தம் பெயருடன் உலகெங்கும் அறியப்பட்டவை. தம் இறுதியாண்டுகளில் இலங்கையின் தோட்டத் தொழிலாளரையும் அவர் படம் பிடித்தார். அவர்களுட் பெரும்பாலாரின் பெயர்கள் எழுதப்படவில்லை. முகம் எஞ்சியது, பெயர் எஞ்சவில்லை. என் நண்பனுக்கோ முகமும் பதாகையில் இல்லை, பெயரும் பட்டியலில் இல்லை. அவனையும் சேர்த்து எண்ணுகின்ற நாளில் எங்கள் பாடசாலையின் அவ்வாண்டுப் பெறுபேறு சற்றுக் குறையும். ஆனால் அது உண்மையானதாக இருக்கும்.